அணியத்தில் போட்ட கையெழுத்து

என் பெயருக்கு எழுதப்பட்ட முதல் காசோலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு. பழவேற்காட்டு ஏரியின் மேற்குக் கரையில், மணலில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு படகின் அணியத்தில் உட்கார்ந்து அதை ஒருவர் எழுதினார். அணியம் என்பது படகின் முன்நுனி. மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டுகிற இடம் அது. செருப்புக் காலோடு யாரும் அதை மிதிக்க மாட்டார்கள். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட என்னுடையது இல்லை. ஆனாலும் காசோலையில் என் பெயர்தான் இருந்தது. அந்தக் குப்பத்தில் பாங்குப் புத்தகம் வைத்திருந்த ஒரே ஆள் நான்.

புத்தகம் எனக்கு வந்ததே ஒரு விளையாட்டுப்போலத்தான். நான் திருவாலங்காட்டுப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவன். ஆறாம் வகுப்பு பாதியில் நின்றது. அடி தாங்காமல் ஓடினேன், பசி தாங்காமல் ஓடினேன் என்று சொன்னால் பொய். ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தது, ரயில் வந்து நின்றது, ஏறிவிட்டேன். அரக்கோணம் ரயிலில் வேர்க்கடலை விற்றேன். செங்கல் சூளையில் மண் மிதித்தேன். அறுபதுகளின் கடைசியில் திருவள்ளூரில் ஒரு அரிசி ஆலையில் இரண்டு வருடம் இருந்தேன். ஆலை முதலாளியின் காசோலைகளைப் பாங்குக்கு எடுத்துப் போவது என் வேலைகளில் ஒன்று. சீட்டைக் கொடுத்தால் முத்திரை குத்தித் துண்டுக் காகிதம் தருவார்கள். அதைக் கொண்டுவந்து கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஒரு காசோலைகூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. திரும்பி வரும் என்பதே எனக்குத் தெரியாது.

அங்கிருந்தும் கிளம்பி, எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டிக்கு வந்தேன். தொழிற்சாலைகள் வரப்போவதாகச் சொல்லி முள்காட்டை வெட்டிச் சமன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மண் சுமந்தேன். அந்தச் சமயத்தில் கடைவீதியில் ஒரு பாங்குக் கிளை திறந்தார்கள். அதன் மேனேஜர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். கல்யாணமாகாதவர், என் வயதுதான் இருக்கும். டீக்கடை டீக்கடையாக வந்து, ஐந்து ரூபாய் இருந்தால் போதும், கணக்கு ஆரம்பியுங்கள் என்று கெஞ்சுவார். அவர் கெஞ்சுவதைப் பார்க்கப் பாவமாக இருந்ததால்தான் ஐந்து ரூபாய் கொடுத்தேன். நீல அட்டை போட்ட புத்தகம் கையில் வந்தது. என் பெயரை மை தொட்டு யாரோ எழுதியிருந்த முதல் காகிதம் அது. அதற்குப் பிறகு அதில் பணம் போடுவது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. பீடியைக்கூடக் குறைத்தேன். பழைய சைக்கிள் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை.

மழை பிடித்ததும் மண் வேலை நின்றது. காண்டிராக்டர் இரண்டு வாரக் கூலியோடு காணாமல் போனார். ஏரிப் பக்கம் போனால் மீனாவது தின்னலாம் என்று யாரோ சொன்னார்கள். பாதி வழி பஸ், பாதி வழி நடை. நான் போய்ச் சேர்ந்தபோது ஓர் அம்மாள் மீன் கூடையைத் தலையில் ஏற்ற ஆள் தேடிக்கொண்டு நின்றார். தூக்கிவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டார். சொல்லத் தெரியாமல், ஸ்டேஷனிலிருந்து வருகிறேன் என்றேன். அன்றிலிருந்து அந்தக் குப்பத்துக்கே நான் டேசன்காரர். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவருடைய புருஷன்தான் ஒரு வலைக்கு, அதாவது ஒன்றாக மீன் பிடிக்கிற ஒரு குழுவுக்கு, தலைவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் குத்தும்.

அவர்கள் வலையில் ஆறு ஆட்கள். தலைவர், அக்காவின் தம்பி, இன்னும் நாலு பேர். பிடித்ததை விற்று வருகிற பணத்தை எட்டாகப் பிரிப்பார்கள். ஆளுக்கொரு பங்கு ஆறு, வலைக்கு ஒன்று, படகுக்கு ஒன்று. வலையும் படகும் தலைவருடையவை. வலை கிழிந்தாலும் படகு உடைந்தாலும் அதே எட்டுப் பங்கில் செலவைப் பிரித்துக்கொள்வார்கள். தண்ணீரில் இறங்குகிறவனுக்குத்தான் பங்கு. நான் பங்குக்காரன் இல்லை. எடை போட்டு, ஐஸ் உடைத்து, இறாலைப் பெட்டியில் அடுக்குவதற்கு நாளுக்கு மூன்று ரூபாயும் அக்கா வீட்டில் சோறும். படுக்கை வலைக் கொட்டகையில்.

ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. நல்ல இடங்கள் முறைவைத்துத்தான் வரும். ஒரு வலைக்கு முகத்துவாரத்துப் பக்கம் முறை வந்தால், அந்த நாட்களில் விழுகிறதை வைத்துத்தான் அடுத்த முறை வரும்வரை அடுப்பு எரிய வேண்டும். அந்த வருடம் கார்த்திகை மழை ஓய்ந்து எங்கள் முறை வந்தபோது இறால் அள்ளிக்கொண்டு விழுந்தது. நான் எங்கள் முறை என்று எழுதுகிறேன். அப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

அந்தச் சமயத்தில்தான் வியாபாரி வந்தார். மதராசிலிருந்து வேனில் ஐஸ் கட்டிகளோடு வருவார். டெரிலின் சட்டை, பையில் பேனா. வெளிநாட்டுக்கு இறால் அனுப்புகிற கம்பெனிக்கு வாங்குவதாகச் சொன்னார். மற்ற வியாபாரிகள் எடையில் விரலை அழுத்துவார்கள். இவர் தராசைத் தொடவே மாட்டார். நானே எடை போட்டு நானே சொல்வேன். குழந்தைகளுக்கு பிஸ்கட் கொண்டுவருவார். அக்கா வீட்டில் தரையில் உட்கார்ந்து நண்டுக் குழம்பு சாப்பிட்டு, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொள்வார். மூன்று தடவை ரொக்கம் கொடுத்தார், புது நோட்டாக.

நாலாவது தடவை, எங்கள் முறையின் கடைசி ஐந்து நாள் இறாலையும் சேர்த்து எடுத்தபோது, கம்பெனியில் இனி ரொக்கம் தருவதில்லை, செக்குதான் என்றார். காசோலைப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். குப்பத்து ஆட்கள் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியும் என்றேன். அரிசி ஆலையில் நூறு பார்த்திருக்கிறேன், பணம்தான் அது, பாங்கில் போட்டால் போதும் என்றேன். அவ்வளவு பேர் என் வாயைப் பார்த்து நின்றது எனக்கு அதற்கு முன் நடந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் கூடவே பேசினேன்.

தலைவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. காகிதத்தை விட்டுவிட்டு ஆளைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. முறைக்குச் சீட்டுப் போடும்போதும், இரண்டு வலைக்குள் சண்டை வந்தாலும், அணியத்தில் கை வைத்து எவனும் பொய் சொல்ல மாட்டான் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை.

"நைனா, கையெயுத்த எங்க போட்டுல ஒக்காந்து போடுங்க" என்றார். "எங்க எல்லாரு கண்ணும் பாக்கணும்."

வியாபாரி சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். அக்கா கற்பூரம் ஏற்றினார். அவர் அணியத்தில் உட்கார்ந்து, காசோலைப் புத்தகத்தைத் தொடையில் வைத்து, என் பெயரைக் கேட்டு எழுதி, மூலையில் இரண்டு கோடு போட்டு, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். பிறகு கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதை நான் பல வருடம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவர் ஒற்றிக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பாங்குக்குப் போனேன். மதராஸ் காசோலை, போய் வரப் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார் மேனேஜர். வாசலில் தலைவரும் அக்காவின் தம்பியும் நின்றிருந்தார்கள். வலைக்கு நைலான் நூல் வாங்க வேண்டும், கடைப் பாக்கி இருந்தது, ஒருத்தர் வீட்டில் பிரசவம். அத்தனையையும் நான் சொன்னேன். மேனேஜர் உள்ளே போனார், வெளியே வந்தார், மறுபடியும் உள்ளே போனார். பிறகு, என் பொறுப்பில் இன்றைக்கே தருகிறேன் என்று சொல்லி, காசோலையின் பின்பக்கம் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். பணத்தை வாங்கித் தலைவரிடம் கொடுத்தேன். பாங்கு வாசலிலேயே எட்டாகப் பிரித்தார்கள். இருநூற்று இருபத்தைந்து வீதம். அன்று எனக்கு ஒரு டீயும் மசால்வடையும் வாங்கித் தந்தார்கள்.

வியாபாரி அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எங்களுக்கு முறை முடிந்துவிட்டதால் இறால் இல்லை, அதனால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டோம். பதினாறாம் நாள் பாங்குப் பியூன் சைக்கிளில் வந்து என்னை அழைத்துப் போனான்.

மேனேஜர் மேசையில் அந்தக் காசோலை இருந்தது. அதோடு ஒரு சீட்டைக் குண்டூசியால் குத்தி இணைத்திருந்தார்கள். காசோலைப் புத்தகம் ஏதோ ஒரு கம்பெனியிலிருந்து திருடு போனது, கையெழுத்தும் போலி என்றார். அவர் முகம் என் முகத்தைவிட வெளுத்திருந்தது. நஷ்டம் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"செக்கைக் கணக்குல போட்டவர்தான் பொறுப்பு. நீங்க ஏமாந்தீங்களா, ஏமாத்தினீங்களான்னு சட்டம் பார்க்காது. பின்னாடி உங்க கையெழுத்து இருக்கு."

என் கணக்கில் அப்போது இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாலும் மீதி ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு. அதை நான் கட்டாவிட்டால், வசூலாகும் முன்பே பணம் கொடுத்த குற்றத்துக்கு அவருடைய சம்பளத்தில் பிடிப்பார்கள், வேலைக்கும் ஆபத்து வரலாம். இதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று இடையில் கேட்டார்.

மறுநாள் தலைவரும் மற்றவர்களும் பாங்குக்கு வந்தார்கள். ஆறு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேசை முன்னால் நின்றார்கள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையெழுத்து பொய்யில்லை, அணியத்தில் உட்கார்ந்து அவன் போட்டதை எங்கள் கண்ணால் பார்த்தோம், எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்கிறோம் என்றார் தலைவர். மேனேஜர் பொறுமையாகத்தான் விளக்கினார். கையெழுத்தை அவன் போட்டது நிஜம். ஆனால் அந்தக் கணக்கு அவனுடையது இல்லை. கணக்குக்காரரின் கையெழுத்து மதராஸ் பாங்கில் ஒரு அட்டையில் இருக்கும். அதோடு இது பொருந்த வேண்டும்.

தலைவர் மேசையில் இருந்த காசோலையைப் பார்த்தார்.

"அப்ப ஒரு அட்டைக்குத் தெரிஞ்சது எங்க ஆறு பேரு கண்ணுக்கும் தெர்ல."

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வேன் நம்பர் கேட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. பிஸ்கட்டின் பெயர் குழந்தைகளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பும் வழியில் அக்காவின் தம்பி வாயைத் திறந்தான். என்னிடம் சொல்லவில்லை, எனக்குக் கேட்கும்படி சொன்னான்.

"பாஸ்புக்கு ஆருதோ அவுரு தலையிலதான் வியும். நமக்கு இன்னா? தெரியும் தெரியும்னு சொன்னவருக்குத் தெரியட்டும்."

அதில் தப்பு ஒன்றுமில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் சொன்னதால்தான் அவர்கள் நம்பினார்கள். ஆனால் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு ரூபாயை நான் எங்கே போய்ச் சம்பாதிப்பது? நாளுக்கு மூன்று ரூபாய். சோற்றுக்குக் குறைவில்லை என்று வைத்துக்கொண்டாலும் பீடி, சோப்பு என்று போக, மூன்று வருடம் ஆகும்.

இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்வது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அரிசி ஆலையில் இரண்டு மூட்டை கணக்கில் குறைந்தபோது நான் எடுக்கவில்லை, ஆனாலும் கிளம்பினேன். சூளையில் மேஸ்திரியோடு வாய்த்தகராறு வந்தபோதும் கிளம்பினேன். எனக்கு வீட்டு வாடகை இல்லை, சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. பையில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, ஒரு பாங்குப் புத்தகம். காலையில் ஏரியில் எல்லாரும் இறங்கியபின், சாலைக்கு நடந்து பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். வடக்கே கூடூர் வரை டிக்கெட் எடுத்தேன். வண்டி வர ஒரு மணி நேரம் இருந்தது.

பிளாட்பாரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மேனேஜரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சம்பளத்தில் பிடிக்கட்டும், மாதச் சம்பளக்காரர், தாங்குவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டீக்கடையில் அவர் கெஞ்சிய முகம்தான் நினைவுக்கு வந்தது.

அப்போது தண்டவாளத்தைத் தாண்டி அக்கா வந்தார். சந்தையில் மீனை விற்றுவிட்டு, அரிசியும் கருவாட்டுக்கு உப்பும் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போகிற குறுக்குவழி அது. யாரோ கூடையை ஏற்றிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார். என் பையைப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து, குனிந்து, இறக்கு என்று சைகை செய்தார். இறக்கினேன். நல்ல கனம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு டீ வாங்கிவரச் சொன்னார். குடித்தோம். எங்கே போகிறாய் என்று கேட்கவே இல்லை. உப்பு விலை ஏறிவிட்டதைப் பற்றியும், கண்டக்டர் மீன் கூடைக்குத் தனி டிக்கெட் கேட்டதைப் பற்றியும், அந்த ஆளுக்கு வீட்டில் பெண்டாட்டி சமைக்கிற மீன் மட்டும் நாறாதோ என்று தான் கேட்டதைப் பற்றியும் சொன்னார்.

பிறகு எழுந்து சும்மாட்டைத் தலையில் வைத்தார்.

"தூக்கி வுடு."

தூக்கிவிட்டேன். தலையில் சரியாக உட்கார்ந்ததும் கழுத்தைத் திருப்பாமல் சொன்னார்.

"இங்க நீ ஏத்தி வுட்ட. அங்க ஆரு எறக்குவா? உங்க மாமா தண்ணியில கீறாரு."

அவ்வளவுதான். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அந்தக் குப்பத்தில் கூடை இறக்க ஆளா இல்லை? கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். கூடூர் டிக்கெட் வீணாயிற்று. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் கொஞ்சம் பணம் கிடைக்கும் என்பது பஸ் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் வெயில் இறங்கும்போது வலை காயப்போட்டிருந்த மணலில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நானே முதலில் பேசினேன். என் பெயர், என் கையெழுத்து, நான் சொன்ன வார்த்தை. இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது, மீதியை எத்தனை வருடமானாலும் உழைத்துக் கட்டுகிறேன் என்றேன். பேசி முடித்ததும் எனக்கே நான் கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிந்தேன்.

தலைவர் வலையில் ஒட்டிய பாசியை உரித்துக்கொண்டிருந்தார்.

"எறா ஆருது?" என்றார்.

அவரே பதிலும் சொன்னார்.

"எறா எங்குளுது. எங்க எறாவ ஒருத்தன் தூக்கினு பூட்டான். அதுக்குக் கட்றதுக்கு நீ ஆரு? பெரிய மிராசா?"

எல்லாரும் சிரித்தார்கள். அக்காவின் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. சட்டப்படி பாங்குக்காரன் இவரிடம்தானே கேட்கிறான் என்றான். தலைவர் அவனைப் பார்க்காமல் சொன்னார்: சட்டம் மதராசில் இருக்கிற அட்டையைப் பார்க்கிறது, பார்க்கட்டும். நம் கரையில் வலை முளைக்குச்சியில் மாட்டிக் கிழிந்தால் எந்தக் கையில் இருந்தபோது கிழிந்தது என்று பார்க்கிறோமா? பங்குதானே போடுகிறோம். போட்டில் ஏறி உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொன்னது யார்? நான். கற்பூரம் ஏற்றியது யார்? உங்க அக்கா. பணத்தை வாங்கிச் செலவு செய்தது யார்?

"நானும்தான்" என்றான் அவன்.

எட்டுப் பங்கு என்று முடிவாகிற மாதிரி இருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இல்லை. அவர்களுடைய நஷ்டத்தில்கூட நான் வெளியாள். இதை நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆனால் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலை நிமிராமல் பேசினார்.

"எட்டுன்னா எரநூத்தி இருவத்தஞ்சி. ஒம்போதுன்னா எரநூறு. ஒம்போதுன்னா கணக்கு சுளுவா கீது."

ஒன்பதாவது யார் என்று ஒருத்தர் கேட்டார். அக்கா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்து, செதில் ஒட்டிய விரலால் என்னைக் காட்டினார். தலைவர் என்னைப் பார்த்தார்.

"ஐஸு ஒடச்சி ஒடச்சிக் கை மரத்துக் கெடக்குது. அதுவும் தண்ணிதான்" என்றார். "இன்னா டேசன்காரரே, எரநூறு கட்றியா?"

கட்டுகிறேன் என்றேன். புத்தகத்தில் பன்னிரண்டு ரூபாய் மிஞ்சும். சைக்கிள் போனது. தலைவருக்கு ஆள் பங்கு, வலைப் பங்கு, படகுப் பங்கு என்று மூன்று சேர்ந்து அறுநூறு. அதை அவரும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் வாடகை சைக்கிளில் குப்பத்துக்கு வந்தார். வழியில் இரண்டு தடவை மணலில் விழுந்திருந்தார். நஷ்டத்தில் பாதியைத் தான் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். காத்திருந்து கொடுத்திருக்க வேண்டும், அது தன் தப்பு என்றார். தலைவர் மரியாதையோடு, ஆனால் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"ஐயா தண்ணியில எறங்கல. எறங்காதவங்களுக்குப் பங்கு கெடையாது."

மேனேஜர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு, ஷூவோடு ஏரியில் இறங்கி நின்றார். கரையில் இருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் நாரைகள் பறந்தன. அப்போதும் பங்கு கொடுக்கவில்லை. பத்து நண்டைக் கால் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் நண்டு சாப்பிடுவாரா என்று யாரும் கேட்கவில்லை. ஆறு மாதம் தவணை தந்தார். மேலிடத்துக்கு என்ன எழுதினார், எப்படிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. வட்டி என்று எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த வட்டியை யார் கட்டியது என்று ஒருமுறை கேட்டேன். மின்விசிறி சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல் இருந்துவிட்டார்.

அந்த ஆறு மாதமும் பேஜார்தான். நூல் கடையில் கடன் ஏறியது. அக்கா காதில் கிடந்தது காணாமல் போய், ஈர்க்குச்சி வந்தது. நான் இறால் இல்லாத நாட்களில் மறுபடி மண் சுமக்கப் போனேன். யாரும் யாரையும் குறை சொன்னதாக ஞாபகம் இல்லை. பிஸ்கட் சாப்பிட்ட குழந்தைகளை மட்டும் கேலி செய்வார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பிஸ்கட் என்று.

அந்தத் தவணை முடியும் முன்பே, மாசியில், முகத்துவாரத்து முறை மறுபடி எங்களுக்கு வந்தது. முதல் நாள் சுமாரான மீன்பாடு. இறாலை எடை போட்டுப் பெட்டியில் அடுக்கி முடித்தேன். விற்காத சில்லறை மீனை அவரவர் வீட்டுக் குழம்புக்கு மணலில் கூறு கட்டிப் பிரிப்பது அங்கே வழக்கம். எட்டுக் கூறு வைப்பார்கள். ஒருத்தர் கூறுகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பார். இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவர் பார்க்காமல் ஒரு பெயர் சொல்வார். அதனால் பெரிய கூறு, சின்னக் கூறு என்று சண்டை வராது.

அன்று திரும்பி நின்றது அக்காவின் தம்பி. நான் தள்ளி நின்று கையில் ஒட்டிய ஐஸ் பெட்டி மரத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். சும்மா எண்ணினேன். ஒன்பது கூறு இருந்தது. தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து மறுபடி எண்ணினேன்.

தலைவர் முதல் கூறைத் தொட்டார். "இது ஆருக்கு?"

"வலைக்கி."

"இது?"

பிரசவம் ஆன வீட்டுக்காரருக்குப் போனது. அடுத்தது படகுக்கு. நாலாவதைத் தொட்டார். கெளுத்தி இரண்டு, கொஞ்சம் மடவை, ஒரு சின்ன நண்டு.

"இது ஆருக்கு?"

ஏரியைப் பார்த்தபடி நின்றவன் காதைச் சொறிந்தான்.

"டேசன்காரருக்கு."

நான் போய் என் கூறுக்கு முன்னால் நின்றேன். மற்றவர்கள் துண்டிலும் ஓலைப்பெட்டியிலும் அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு அள்ள ஒன்றும் இல்லை. எனக்கென்று ஒரு சட்டியோ அடுப்போ அதுவரை எங்கும் இருந்ததில்லை. குனிந்து நண்டை மட்டும் எடுத்தேன். அது விரலைக் கவ்வியது.

அக்கா தன் கூடையைக் கவிழ்த்துத் தட்டி, என் முன்னால் வைத்தார்.

"அள்ளிப் போட்டுகினு ஊட்டுக்கு வா" என்றார். "உன் மீனு, நீயே ஆயணும். நான் ஆய மாட்டேன்."